வண்டியை எங்கே நிறுத்துவது?



அரிச்சல்முனையில் நானும் வீட்டுக்காரம்மாவும் நிற்கும் படத்தைப் போட்டதிலிருந்து, "சார், ரூட் போடுங்க", "மாமா, எங்கெங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். ஆனால் ரூட்டை மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான். இது எங்களுடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி எப்படித் தோற்றது என்பதையும் சொன்னால்தான் பயன்படும். சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

தனுஷ்கோடிக்குப் போகவேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. என் மாமனார் இளவயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். "ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு வச்சா கப்பல்" என்று அவர் சொல்லிச் சொல்லி இவள் வளர்ந்தவள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் அந்த ஊரும் போயிற்று, ரயில் பாதையும் போயிற்று. மாமனார் அதன்பின் அங்கே போகவே இல்லை. "அப்பா இறங்குன இடத்தை ஒரு தடவை பாக்கணுங்க" என்பாள். நானும் வகுப்பில் வரைபடத்தை மாட்டி, குச்சியால் அந்த முனையை எத்தனையோ வருடம் தொட்டுக் காட்டியிருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மே மாதம், மகன் ஐந்து நாள் லீவு போட்டுக் காரை எடுத்தான். திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை. லாங் சைஸ் நோட்டில் கட்டம் போட்டேன். இடம், தூரம், சேரும் நேரம், பார்க்கும் நேரம், கிளம்பும் நேரம். முதல் நாள் மட்டும் விராலிமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி, தேவிபட்டினம் என்று ஏழு இடம். இரவு ராமநாதபுரம். மறுநாள் விடிந்ததும் தனுஷ்கோடி.

நோட்டை அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்கெல்லாம் எறங்க வசதி இருக்குமாங்க?"

"எல்லாம் இருக்கும், வா" என்றேன். எதைக் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. கார் நிறுத்த இடம் இருக்குமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டேன்.

காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குமேல்தான் கிளம்பினோம். முதல் தவறு அது. சித்தன்னவாசலுக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கூரையில் தாமரைக் குளமும் மீனும் யானையும் வரைந்திருக்கிற ஓவியத்தை, கால் சுடச்சுடப் போய்ப் பார்த்தோம். பேத்தி அழுதாள். திருமயம் கோட்டையில் மதியம் ஒன்றரை மணி. கோட்டைச் சுவரின் மேல் நானும் மகனும் மட்டும் ஏறினோம். மனைவியும் மருமகளும் "நீங்க போயிட்டு வாங்க" என்று காரிலேயே இருந்துவிட்டார்கள். களைப்பு என்று நினைத்தேன். பிள்ளையார்பட்டியில் மதியம் நடை சாத்தியிருந்ததால் மாலை வரை காத்திருந்தோம். ராமநாதபுரம் சேரும்போது இரவு பத்தரை. தேவிபட்டினத்தை இருட்டில் கடந்துவிட்டோம். ஆனாலும் நோட்டில் ஏழில் ஆறு இடத்துக்கு டிக் போட்டுவிட்டேன். எனக்கு மகா திருப்தி.

மறுநாள் காலை அவளுக்குக் குளிர் நடுக்கம். நல்ல காய்ச்சல். அடிவயிற்றில் வலி. பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சிறுநீர்த் தொற்று, சேர்த்துவிடுங்கள் என்றார்கள். பார்த்தவர் சின்னப் பெண், என் கடைசி செட் மாணவர்கள் வயது இருக்கும்.

"நேத்து பூரா தண்ணி குடிக்கலையாம்மா?"

"குடிச்சா எங்க டாக்டர் போறது?"

இதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். காரில் அவள் சீட்டுக்குப் பக்கத்தில் நான் வாங்கிவைத்த தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்தோம். கொஞ்ச தூரத்தில் பாம்பன். அங்கிருந்தே ஊருக்குத் திரும்பினோம். வழியில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஊருக்கு வந்தபின் மருமகள் சொன்னாள். "மாமா, நானும் அன்னைக்குத் தண்ணியே குடிக்கல. எந்த இடத்துலயும் பாத்ரூம் போற மாதிரி இல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." நானும் மகனும் வழியில் எங்கெங்கோ மரத்தடியில் ஒதுங்கிவிட்டு வந்தோம். நோட்டில் ஐந்து கட்டம் போட்டவனுக்கு ஆறாவதாக ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

இதை நம் பழைய மாணவி ஒருத்தியிடம் போனில் சொன்னேன். இப்போது செவிலியராக இருக்கிறாள். அவள் சிரித்துவிட்டு, "சார், எட்டாம் வகுப்புல டூர் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? முந்தின ராத்திரியில இருந்தே நாங்க தண்ணி குடிக்க மாட்டோம் சார். அந்த நாள்ல இருக்குற பிள்ளைங்க டூருக்கே பேர் குடுக்காது. காசு இல்லன்னு சொல்லிடும்" என்றாள்.

பேர் கொடுக்காத பிள்ளைகளில் சிலருக்கு நான் என் கையிலிருந்து பணம் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்போதும் வரமாட்டேன் என்றார்கள். வீட்டில் விடவில்லை போலும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், அம்மா, சாரை மன்னித்துவிடுங்கள். நான் கேட்டிருக்கவேண்டும்.

இனி இந்த வருடத்துத் திட்டத்துக்கு வருகிறேன்.

இந்த முறை நோட்டை இருவரும் சேர்ந்து எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விதிகள் நாலுதான்.

ஒன்று, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள இடத்தில் கட்டாயம் நிறுத்தம். யாரும் கேட்க வேண்டியதில்லை, வண்டி தானாக நிற்கும். கேட்டால்தான் நிற்கும் என்றால் கூச்சப்படுகிறவர்கள் கேட்கமாட்டார்கள்.

இரண்டு, வேடிக்கை பார்ப்பது காலை ஒன்பதரைக்குள் அல்லது மாலை நாலரைக்குமேல். கத்தரி வெயிலில் நடுப்பகல் படுக்கத்தான்.

மூன்று, ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். நேரம் இருந்தால் வழியில் ஒரு சின்ன இடம். அவ்வளவுதான்.

நான்கு, ஏறி இறங்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே பார்க்கிற மாதிரி இடமாக இருக்கவேண்டும். அவளுக்கு மூட்டு வலி. மலையும் கோட்டையும் போய்விட்டன, கடற்கரை மிஞ்சியது.

கொடைக்கானல், ஊட்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். 2024 மே 7 முதல் இரண்டுக்கும் இ-பாஸ் எடுக்கவேண்டும். அதைக்கூட எடுத்துவிடலாம், மலைப்பாதை நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேர விதி என்ன ஆவது? பேத்தி குற்றாலம் கேட்டாள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூன், ஜூலையில்தான் அங்கே சீசன். மே மாதத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று படம் வரைந்து சமாதானப்படுத்தினேன்.

முதல் நாள். திருச்சியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். திருமயத்தைக் கடக்கும்போது இளவெயில் கோட்டையின் மேல் விழுந்திருந்தது. ஓரமாக ஐந்து நிமிடம் நிறுத்தினோம். கீழே நின்று பார்த்தாலும் கோட்டை அழகாகத்தான் இருந்தது. காரைக்குடியில் டிபன். ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது மருமகள், சுவையை வைத்து அல்ல, கழிப்பறையை வைத்து. தேவகோட்டை வழியாக ஒன்பதரைக்குத் தேவிபட்டினம். ராமர் நட்டதாகச் சொல்லப்படும் நவபாஷாணக் கற்கள் கடலுக்குள் நிற்கின்றன. நடைமேடை இருப்பதால் அவளும் மெதுவாக நடந்து வந்தாள். மதியம் ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்குப் பாம்பன் நோக்கிப் புறப்பாடு.

பாம்பன் பற்றி ஒரு வார்த்தை. சாலைப் பாலம் 1988இல் திறந்தது. பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள். பின்னால் பஸ் வருகிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாலம் தொடங்குவதற்கு முன்போ தாண்டியோ நிறுத்திவிட்டு நின்று பாருங்கள். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். பழையதில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கதவுபோலப் பிரிந்து திறந்துகொண்டிருந்தது. புதியதில் நடுப்பகுதி லிஃப்ட் போல அப்படியே மேலே போகும். பேத்திக்கு இரண்டு ஸ்கேலை வைத்துக் காட்டினேன். வாத்தியார் புத்தி போகாது.

இரண்டாம் நாள். இந்தப் பயணமே இதற்காகத்தான். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை 20 கி.மீ.க்குச் சற்று அதிகம். முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அதன்பின் மணலில் ஜீப்பும் வேனும்தான். 2017இல் முனை வரை ரோடு திறந்தபிறகு நம் காரிலேயே போகலாம். ஆனால் அங்கே நம்பிப் போகும்படி ஒரு கழிப்பறை எங்கள் கண்ணில் படவில்லை. நிழலும் இல்லை. ஆகவே விடுதியில் எல்லாம் முடித்துவிட்டு விடிந்ததும் போய், எட்டரைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். கூட்டம் வருவதற்கு முன் பார்த்துவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். இடது கை பக்கம் பாக் நீரிணை, குளம் மாதிரி கிடக்கிறது. பெண் கடல் என்பார்கள். வலது கை பக்கம் மன்னார் வளைகுடா, காற்று மாறிய காலமாதலால் ஓயாமல் அடிக்கிறது. அது ஆண் கடல். இறங்கிக் குளிக்க நினைக்கவேண்டாம், இழுப்பு அதிகம். திரும்பும்போது இடிந்த மாதா கோயில் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் பார்த்தோம்.

முனையில் மகன் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஆரம்பித்தேன். "இங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நடுவுல வரிசையா மணல் திட்டு..."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

இருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு அவளே, "அப்பா கப்பல்ல நின்னு இந்தப் பக்கம்தான பாத்திருப்பாரு?" என்றாள். ஆமாம் என்றேன். மருமகள் கொண்டுவந்த பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தாள். "எட்டரைக்கு ரூமுக்குப் போயிடுவோம்ல?" என்று மகனைக் கேட்டாள். "போயிடலாம்மா" என்றதும் இன்னும் நாலு மடக்கு குடித்தாள். அப்போது எடுத்த படம்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தது.

மூன்றாம் நாள் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தப் பகுதிக்கு யாரும் சுற்றுலா என்று வருவதில்லை. பனைமரங்கள்தான் துணை. ரோட்டோரம் நுங்கு வெட்டிக் கொடுக்கிறார்கள். பனை நிழலிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்தோம். இந்தப் பாதையில் பெட்ரோல் பங்க்குகளை முன்கூட்டியே போன் வரைபடத்தில் குறித்துவைத்திருந்தோம். பங்க்குகளில் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகத் தரவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் சாவி கேளுங்கள். நான் மூன்று இடத்தில் கேட்டு வாங்கினேன். ஆண்கள்தான் போய்க் கேட்கவேண்டும் என்பது என் புது விதி.

தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வெள்ளை, குவியல் குவியலாக உப்பு. நம் மாநிலத்து உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான் விளைகிறது. வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு நல்ல விளைச்சல் என்று பேத்திக்குச் சொன்னேன். பாத்தியில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம், ஒரு மறைவு இல்லை. "இவங்கல்லாம் எங்கங்க போவாங்க?" என்று இவள் கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அந்த வெள்ளைக் குவியலைப் படம் பிடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

இரவு திருச்செந்தூர். நான்காம் நாள் விடியலில் மணப்பாடு. கடலை ஒட்டிய குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும். சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை பக்கத்தில். இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பிறகு உவரி அந்தோணியார் கோயில் வழியாக மதியத்துக்குள் கன்னியாகுமரி.

கன்னியாகுமரி போகிறவர்களுக்கு ஒரு செய்தி. கோடையில் அங்கே சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மே மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வடக்கே சாய்ந்து மறையும். அந்தப் பக்கம் நிலம்தான் இருக்கிறது. ஆனால் உதயம் கடலில்தான். ஆறு மணியளவில் பார்க்கலாம். ஐந்தாம் நாள் உதயம் பார்த்துவிட்டு, மகன், மருமகள், பேத்தி மூவரும் முதல் படகு வரிசையில் நின்று விவேகானந்தர் பாறைக்குப் போனார்கள். அங்கிருந்து 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கும் போய்வந்தார்கள். நாங்கள் இருவரும் கரையில் சுக்குக் காப்பி குடித்தபடி அவர்கள் எறும்புபோல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் போக ஆசைதான். ஆனால் போன தடவை கோட்டை மேல் ஏறியது ஞாபகம் வந்தது.

ஆறாம் நாள் காவல்கிணறு, பணகுடி காற்றாலைகளைப் பார்த்தபடி நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி, மதுரை, திருச்சி. மொத்தம் ஏறத்தாழ 1000 கி.மீ. பார்த்த பெரிய இடங்கள் ஐந்தாறுதான். பழைய நோட்டின்படி என்றால் இருபத்தைந்து வந்திருக்கும்.

கிளம்பப் போகிறவர்களுக்கு முடிவாக ஒன்று. திட்டத்தை எழுதியபின் வண்டியில் வருகிற ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்டுங்கள். பாட்டியிடமும் காட்டுங்கள், பத்து வயதுப் பிள்ளையிடமும் காட்டுங்கள். அவர்கள் எதையாவது சுற்றிவளைத்துக் கேட்டால், "எல்லாம் இருக்கும், வா" என்று சொல்லிவிடாதீர்கள். என்ன கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வழியில் தண்ணீர் பாட்டில்களையும் ஒரு கண் பாருங்கள். திறக்காத பாட்டில் இருந்தால் அடுத்த நிறுத்தத்தை முன்னால் கொண்டுவாருங்கள். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போகும் நம் ஆசிரிய மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பதிவு நீண்டுவிட்டது. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா எழுதுறது?" என்றாள். பிறகு, "சரி, இருக்கட்டும். யாருக்காச்சும் உதவும்" என்றாள். அவள் சம்மதத்துடன்தான் போடுகிறேன்.

எல்லோரும் பத்திரமாகப் போய்வாருங்கள். தண்ணீர் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்